பொம்மைக்குள்ளே யாருடைய கை?

அனிமேட்ரானிக்ஸ் என்றதும் உங்களுக்கு டிஸ்னிலேண்ட் ஞாபகம் வரும். இல்லைன்னா ஊர்ப் பொருட்காட்சியில் வாலை ஆட்டிக்கிட்டு உறுமும் ரப்பர் டைனோசர். ரெண்டும் சரிதான். ஆனா இந்தக் கட்டுரை புன்னைக்காயலில் தொடங்குது. தாமிரபரணி கடலில் கலக்கிற மீனவ ஊருக்கும் ரோபோ பொம்மைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. கொஞ்சம் பொறுங்க, வர்றேன்.

முதல்ல கேள்வி. தீம் பார்க்குகளில் ஐம்பது, அறுபது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய பொம்மைக் காட்சிகளைப் புதுப்பிக்கலாமா, அப்படியே விட்டுவிடணுமா? அமெரிக்காவில் இது பெரிய சண்டை. ஒரு பொம்மையின் சட்டையை மாற்றினால்கூட "என் சின்ன வயசைக் கெடுத்துட்டீங்க" என்று கிளம்பிவிடுவார்கள். இங்கிருந்து பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் இதே கேள்வியை மன்னார் வளைகுடாவின் அக்கரை எப்போதோ சந்தித்துவிட்டது, அதுவும் மோட்டாரே இல்லாத பொம்மைகளை வைத்து. நாளைக்கு ஒரு கோயில் கமிட்டியோ பங்குப் பேரவையோ "தம்பி, இந்தப் பழைய பொம்மைக்கு ஒரு மோட்டார் வச்சுத் தாங்களேன்" என்று உங்களைத்தான் கூப்பிடப்போகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

அக்கரையின் உடக்கு

16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையின் முக்கியமான ஊர்களில் ஒன்று புன்னைக்காயல். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தந்த அண்ட்ரிக் அடிகளார், அதாவது ஹென்ரிக் ஹென்ரிக்கஸ், தங்கி வேலை செய்த ஊர். 1560இல் போர்த்துக்கீசியர் மன்னாரைப் பிடித்ததும் புன்னைக்காயலில் இருந்த அவர்களுடைய தலைமையிடம் அங்கே போனது. ஆட்களும் தோணிகளும் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்துகொண்டே இருந்தன. மூட்டை முடிச்சோடு வழிபாடும் பாட்டும் போய்வந்தன.

இக்கரையில் நாம் 'பாஸ்கு' என்று சொல்வதை அக்கரையில் 'பாஸ்' என்பார்கள். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைக் காட்சியாக நடத்துவது. சிவகங்கை மாவட்டம் இடைக்காட்டூர் பாஸ்குவை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கே நடிப்பவர்கள் மனிதர்கள். ஆனால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் 'உடக்குப்பாஸ்' என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. உடக்கு என்றால் ஆட்டிவைக்கும் உருவம். மூட்டு வைத்த உருவங்களை ஆட்கள் மறைவில் நின்று அசைக்க, கதை வேறு குரலில் பாட்டாகவும் ஒப்பாரியாகவும் வரும். மன்னார் தீவில் பேசாலை இதற்குப் பேர்போன ஊர். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். உருவங்களை வைத்துப் பாடுகளைக் காட்டும் வழக்கத்தை இலங்கையில் வளர்த்தவராகவும் அவரைத்தான் சொல்கிறார்கள். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' அந்தக் கரையில் தவக்காலத்தில் இன்னும் ஓதப்படுகிறது.

அசையும் உருவம், பின்னணியில் குரல், ஒவ்வொரு வருஷமும் அதே வரிசையில் அதே காட்சி, வாய்பிளந்து பார்க்கும் கூட்டம். இதை அனிமேட்ரானிக் ஷோ என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? பவர் சப்ளை மட்டும்தான் வேற; சோறு சாப்பிட்டு ஓடுகிற ஆக்சுவேட்டர்.

இப்போ மாற்றத்துக்கு வருவோம். நீர்கொழும்பை ஒட்டி, கடலும் களப்பும் சூழ்ந்த 'தூவ' என்ற மீனவ ஊர். அங்கேயும் பாஸ்கு உருவங்களை வைத்துத்தான் நடந்துவந்தது. 1923இல் போரலெஸ்ஸ என்ற ஊரில் லாரன்ஸ் பெரேரா என்பவர், ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் ஊர் நாடகத்தை முன்மாதிரியாக வைத்து, மனிதர்கள் நடிக்கும் பாஸ்குவை மேடையேற்றினார். 1939இல் தூவவும் மாறியது. அப்போது அங்கே பங்குக்குருவாக இருந்த மார்செலின் ஜயகொடி அடிகளார் கவிஞர், பாடலாசிரியர். அவர் புதிதாக எழுத, ஊர்க்காரர்களே மேடையில் ஏறினார்கள். அதற்குப் பிறகு தூவ பாஸ்கு என்றால் ஊரே நடிக்கும் நாடகம்.

அப்டேட் நல்லதா கெட்டதா என்று ஒற்றை வரியில் கேட்பவர்களுக்கு இந்த ரெண்டு ஊரையும்தான் நான் காட்டுவேன். பேசாலையில் உடக்கு பேர் சொல்லி நின்றது. தூவவில் மனிதர்கள் வந்தார்கள். தூவவில் மாறியது மேடையில் தெரியும் முகம் மட்டும் என்று நினைச்சுடாதீங்க. உருவத்தைத் தூக்க, சாய்க்க, தலையைத் தொங்கவிடப் பழகிய கைகளுக்கு அதன்பின் அந்த வேலை இல்லை. பதிலுக்கு, நூற்றுக்கணக்கான பேருக்கு நடிக்க இடம் கிடைத்தது. லாபமா நஷ்டமா? அதைச் சொல்ல வேண்டியவர்கள் தூவக்காரர்கள். அவர்கள் இன்றுவரை அதை நடத்தியே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தோளில் தோல்

ஒரு சின்ன விலகல், மெக்கானிக்கல் பசங்களுக்காக. சிலுவையில் கைவிரித்துத் தொங்கும் உருவத்தை இறக்கிப் பாடையில் கிடத்தணும் என்றால் விரித்த கை உடம்போடு ஒட்ட வேண்டும். அதற்காக ஐரோப்பாவில் இடைக்காலத்திலேயே தோளில் மூட்டு வைத்த சிலுவை உருவங்களைச் செதுக்கினார்கள். மூட்டு வைத்தால் இடுக்கு தெரியும். இடுக்கு தெரிந்தால் பார்ப்பவருக்கு அது மரம். அதனால் தோள்மூட்டின் மேல் தோலையோ துணியையோ இழுத்து ஒட்டி, வண்ணம் பூசி மறைத்தார்கள். கை மடங்கும்போது தோல் சுருங்கும், விரிக்கும்போது நீளும். கொஞ்ச வருஷத்தில் கிழியும், மாற்றணும். இன்றைக்கு சிலிக்கோன் தோல் போட்ட ரோபோ முகத்தில் முதலில் கிழிவது எது தெரியுமா? வாயோரம். அதே பிரச்சினை, அதே இடம்: அதிகமாக அசைகிற மூட்டின் மேல்தோல். அறுநூறு வருஷமாக ஃபட்டீக் ஃபட்டீக்தான்.

இங்கிலாந்தில் கென்ட் பகுதி பாக்ஸ்லி மடத்தில் கண்ணையும் உதட்டையும் அசைக்கும் சிலுவை உருவம் ஒன்று இருந்தது. 1538இல் அதைப் பிரித்து, உள்ளே இருந்த கம்பியையும் குச்சியையும் ஊருக்குக் காட்டி, "பார், மோசடி" என்று லண்டனில் வைத்து எரித்தார்கள். உள்ளே யந்திரம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்த உடக்குப்பாஸில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பொம்மை என்று தெரிந்துகொண்டே அழுகிறார்கள். திருக்குறளில் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளைத் தேடிப் படிச்சுப் பாருங்க. கயிற்றில் ஆடும் மரப்பாவை அங்கே வருகிறது. கயிறு இருப்பது வள்ளுவர் காலத்திலேயே ரகசியம் இல்லை.

வளையமும் கவசமும்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். ஆட்டுபவர் தலையில் ஒரு இரும்பு வளையம். பொம்மையின் நூல்கள் அதில் கட்டியிருக்கும். பொம்மையின் கைகளுக்கு மட்டும் கம்பி, அது அவர் கையில். பெரிய பொம்மை 10 கிலோ வரை இருக்கும். அவர் தலையைச் சாய்த்தால் பொம்மை சாயும்; அவர் கால் தாளம் போட்டால் பொம்மை குலுங்கும். பொம்மை ஆடுவது அவருடைய ஆட்டத்தைத்தான்.

இதை மனசுல வச்சுக்கிட்டு டிஸ்னிக்குப் போவோம். 1963இல் கலிபோர்னியாவில் திறந்த 'என்சான்டட் டிக்கி ரூம்' பறவைகளுக்கு நரம்பு எது? காந்த நாடா. நாடாவில் பாட்டோடு சேர்த்து, வெவ்வேறு அதிர்வெண்ணில் ஒலிகளைப் பதிந்து வைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட ஒலி வந்தால் அதற்கென்று உள்ள உலோக நாக்கு அதிரும், சர்க்யூட் மூடும், ரிலே வேலை செய்யும், காற்று வால்வு திறக்கும், கிளியின் அலகு திறக்கும். ஃபில்டர் பேங்க் என்று நாம் பாடத்தில் படிப்பது அங்கே கிளியாக உட்கார்ந்திருந்தது. ஆனால் இதில் திற, மூடு தவிர ஒன்றும் முடியாது. கிளிக்கு அது போதும். மனித உருவத்துக்குப் போதாது.

1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு ஆபிரகாம் லிங்கனை எழுந்து நின்று பேசவைத்தபோது எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் வந்தது. அந்தக் காலத்துப் பொம்மைகளுக்கு அசைவை எழுதியது எப்படி என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வாதெல் ரோஜர்ஸ் என்பவர் உடம்பில் ஒரு கவசம் மாதிரி மாட்டிக்கொள்வார். மூட்டுக்கு மூட்டு சென்சார். அவர் தலையைத் திருப்பினால், கையைத் தூக்கினால், அது நாடாவில் பதிவாகும். பொம்மை அதைத் திருப்பிச் செய்யும். கும்பகோணத்து வளையமும் கலிபோர்னியாக் கவசமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நடுவில் நாடா இருப்பதால் ஆட்டியவர் வீட்டுக்குப் போன பிறகும் பொம்மை ஆடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே ஒரு பழைய பொம்மைக் காட்சியில் மூன்று அடுக்கு இருக்கிறது. கீழே யந்திரம்: வால்வு, மோட்டார், கன்ட்ரோலர். நடுவே ஒரு மனிதருடைய அசைவு. மேலே கதை. "அப்டேட் பண்ணலாமா" என்று கேட்பவரிடம் "எந்த அடுக்கை?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

எந்த அடுக்கை?

யந்திரத்தைப் பற்றி எனக்குத் தயக்கமே கிடையாது. மாற்றுங்கள். திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். அலங்கரித்து நிற்கும்போது 96 அடி, எடை சுமார் 300 டன். அதற்கு இரும்புச் சக்கரம், அச்சு, ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது. இன்று தேர் திரும்பும்போது யாராவது "ஐயோ, மரச்சக்கரம் போச்சே" என்று வருத்தப்படுகிறார்களா? முட்டுக்கட்டை போடுபவர்கள் இன்னும் ஓடுகிறார்கள், வடம் பிடிப்பவர்கள் இன்னும் பிடிக்கிறார்கள். லிங்கன் பொம்மைக்கும் 2009இல் முழுக்க மின்சாரத்தில் ஓடும் புதுத் தலை வைத்தார்கள். எண்ணெய் கசிந்து கோட்டு நனையும் கவலை அந்தத் தலையில் இல்லை. முகத்தில் நுணுக்கமும் கூடியது.

நடு அடுக்குதான் ஆபத்தான இடம். வேகமாக வீசிய கையைச் சடாரென்று நிறுத்தினால் பொம்மை உடம்பே நடுங்கும். 1989இல் டிஸ்னியின் 'கிரேட் மூவி ரைடு'க்காகச் செய்த சூனியக்காரி பொம்மையில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். கை குறியைக் கொஞ்சம் தாண்டிப் போய் மெதுவாகத் திரும்பி வர அனுமதித்தார்கள், நம் கை செய்வது மாதிரியே. இது நல்ல அப்டேட். ஆனால் பழைய பொம்மைக்குப் புது சர்வோ போட்டவுடன் பலரும் செய்யும் காரியம், அசைவையும் புதிதாக எழுதிவிடுவது. பழைய நாடாவில் இருந்த அந்த ஒரு மனிதரின் கழுத்துச் சாய்ப்பு அதோடு போயிற்று. மோட்டார் நல்லா ஓடும், பொம்மை மட்டும் வேற ஆள்.

கதை அடுக்கில் என் நிலைப்பாடு கறாரானது. ஒரு காட்சி யாரையாவது கேவலப்படுத்தினால் மாற்றணும். புதுப்படம் வந்திருக்கிறது என்பதற்காக மாற்றக்கூடாது. 1967இல் திறந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' சவாரியில், கொள்ளையர்கள் பெண்களை ஏலம் விடுவது சிரிப்புக் காட்சியாக இருந்தது. 2018இல் அதை மாற்றி, ஏலத்துக்கு நின்ற சிவப்பு முடிக்காரியையே கொள்ளைக்காரியாக்கினார்கள். நல்ல வேலை. அதே சவாரியில் 2006இல் ஜாக் ஸ்பாரோவை நுழைத்தார்களே, அது வெறும் விளம்பரம். பொம்மையைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். அப்புறம் படத்தைப் பார்த்துப் பொம்மையை மாற்றினார்கள். 1989இல் வந்த 'ஸ்பிளாஷ் மவுண்டன்' கறுப்பின மக்களை இழிவாகக் காட்டியதாக விமர்சிக்கப்பட்ட 1946ஆம் ஆண்டுப் படம் ஒன்றிலிருந்து வந்தது. 2023இல் மூடி, 2024இல் 'டியானாஸ் பையூ அட்வென்ச்சர்' ஆக்கினார்கள். இதற்கு அழுதவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்பிளாஷ் மவுண்டனில் இருந்த பொம்மைகள் பலவும், 1988இல் மூடிய 'அமெரிக்கா சிங்ஸ்' காட்சியிலிருந்து கழற்றி மாட்டியவை. நீங்கள் காப்பாற்ற நினைத்த 'ஒரிஜினல்' ஏற்கெனவே செகண்ட் ஹேண்ட்.

காரணமில்லாமல் கதையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு டிக்கி ரூமே சாட்சி. புளோரிடாவில் 1998இல் அதை 'புது நிர்வாகம்' என்று பெயர் மாற்றி, அலாவுதீன் படத்துக் கிளியை உள்ளே விட்டு, பழைய பாட்டையே அது கேலி செய்கிற மாதிரி அமைத்தார்கள். 2011 ஜனவரியில் அங்கே தீப்பிடித்தது. அந்தக் கிளி பொம்மையும் சேதமானது. அதே ஆகஸ்டில் திறந்தபோது புதுக் காட்சி இல்லை. பழைய பாட்டு, பழைய பறவைகள், கொஞ்சம் சுருக்கி.

ஓபரம்மர்காவ் ஊரின் கதை இதற்கு நேர் எதிர். 1634 முதல் நடக்கும் அந்த நாடகத்தில் யூதர்களைக் கொடியவர்களாகக் காட்டும் வசனங்கள் இருந்தன. அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினார்கள். 2022 நாடகம்வரை அந்தத் திருத்தம் தொடர்ந்தது. அந்த ஊரில் பிறந்தவர்கள், இல்லையென்றால் 20 வருஷம் வாழ்ந்தவர்கள்தான் மேடையேற முடியும். ஆகவே திருத்தமும் ஊருக்குள் சண்டை போட்டு வந்த திருத்தம். தீம் பார்க்கில் இது நடக்காது. அங்கே முடிவு கம்பெனியுடையது. பார்ப்பவர் கையில் டிக்கெட் மட்டும்தான். உடக்குப்பாஸுக்கும் தீம் பார்க்குக்கும் நான் பார்க்கும் பெரிய இடைவெளி இதுதான். தூவ மாறலாம், பேசாலை மாறாமல் இருக்கலாம். ரெண்டு இடத்திலும் ஆட்டுகிறவர்களும் அழுகிறவர்களும் ஒரே ஊர்.

உங்ககிட்ட வேலை வந்தா

சரி, கமிட்டி உங்களைக் கூப்பிட்டாச்சு. பழைய பொம்மை, கயிறு இத்துப்போச்சு, ஆட்டுபவருக்கு வயசாச்சு, மோட்டார் வைக்கணும். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்க.

முதல் வேலை பதிவு. ஆட்டுபவரை ஆட்டச் சொல்லி, ரெண்டு போன் கேமராவை நேர்க்குநேராக இல்லாமல் 90 டிகிரியில் நிறுத்தி எடுங்க. மூட்டுகளில் கலர் ஸ்டிக்கர் ஒட்டினால் 'ட்ராக்கர்' மாதிரியான இலவச மென்பொருளே கோணங்களைக் கணக்கிட்டுத் தரும். முடிந்தால் மூட்டிலேயே ஒரு பொட்டென்ஷியோமீட்டர் வையுங்க. டேட்டா பெருசா வரும்னு பயப்படாதீங்க. 6 மூட்டு, நொடிக்கு 30 அளவீடு, 20 நிமிஷக் காட்சி, அளவீட்டுக்கு 2 பைட். பெருக்கினால் 4,32,000 பைட். நீங்க வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் குட்மார்னிங் படத்தின் அளவு. ஒருத்தர் நாற்பது வருஷம் பழகிய கையசைவு அதற்குள் அடங்கும்.

எடுத்த வரைபடத்தில் எங்கே நிற்கிறது என்று பாருங்க. கிறிஸ்துமஸ் குடில்களில் கார் வைப்பர் மோட்டாரை மாட்டித் தலையாட்ட விடுவோமே, அது ஏன் உயிரில்லாமல் இருக்கு? கிராங்க் சுற்றும்போது கிடைப்பது கிட்டத்தட்ட ஒரு சைன் அலை. போகும், வரும், போகும், வரும். இடையர், ராஜா, ஒட்டகம் எல்லாருக்கும் ஒரே வேகம். கையால் ஆட்டுபவர் அப்படிச் செய்யமாட்டார். தலையைத் திருப்பும் முன் ஒரு நொடி நிறுத்துவார். வசனம் முடிந்த பிறகு கை மெதுவாக இறங்கும். ரெண்டு தடவை ஒரே மாதிரி வராது. வைப்பர் மோட்டாரை விட்டுவிட்டு சர்வோவுக்குப் போங்க. தொடக்கத்திலும் முடிவிலும் முடுக்கம் சட்டென்று மாறாத எஸ்-கர்வ் கொடுங்க. பதிவு செய்த நிறுத்தங்களை அப்படியே வையுங்க, அரை நொடியைக்கூட 'சரி' பண்ணாதீங்க.

பழைய மரத்தில் புது ஓட்டை போடாதீங்க. கிளாம்ப் வைத்துப் பிடிக்கப் பாருங்க. கழற்றிய கட்டை, ஆணி, கயிறு எல்லாவற்றையும் எண் போட்டுப் பெட்டியில் வைத்துக் கமிட்டியிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைங்க. மோட்டாருக்கும் மூட்டுக்கும் நடுவில் கையால் கழற்றக்கூடிய ஒரு பின் இருக்கட்டும். திருவிழா நேரத்தில் கரண்ட் போகாமல் இருக்காது. போனால் பின்னை உருவிவிட்டு அந்தப் பெரியவர் பழையபடி ஆட்டணும். அவர் பேரனுக்கும் அந்த ஒரு பின்னை எப்படி உருவுவது என்று தெரிந்திருக்கணும்.

சர்க்யூட் படத்தை லேமினேட் பண்ணி கன்ட்ரோல் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. தமிழில் எழுதுங்க. எந்த ஒயர் எந்த மூட்டுக்கு, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், மெமரி கார்டு நகல் யார் வீட்டில் இருக்கு. உங்க போன் நம்பரை மட்டும் எழுதிட்டு வந்தீங்கன்னா, அடுத்த வருஷம் நீங்க சென்னையிலோ துபாயிலோ இருக்கும்போது, தவக்காலத்து ராத்திரி பத்து மணிக்கு அது அடிக்கும்.